மே மாதத்தில் வந்து குவிந்த பதினைந்து வாடகைகள்

2024 செப்டம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், மாடியில் குடியிருந்த தம்பி வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லி அட்வான்ஸ் கணக்கை முடித்துக்கொள்ள வந்தார். நான் மடிக்கணினியைத் திறந்து வாடகைக் கணக்கைப் பார்த்துவிட்டு, “தம்பி, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும், அப்புறம் ஜூனுக்கும், அஞ்சு மாச வாடகை வரலையே” என்று கேட்டேன். அவர் முகம் சட்டென்று வாடியது. “டீச்சர், ஒவ்வொரு மாசமும் அஞ்சாம் தேதி தவறாமப் போட்டுடுறேனே” என்று தன் கைபேசியை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஜனவரி 5, பிப்ரவரி 5, மார்ச் 5, ஏப்ரல் 5, ஜூன் 5, ஒவ்வொன்றும் 14,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூட வாடகை தாமதமாகாத மனிதரிடம் 70,000 ரூபாய் பாக்கி என்று சொல்லிவிட்ட வெட்கத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. அவர் இறங்கிப் போன பிறகு வாடகைக் கணக்கை மீண்டும் பார்த்தேன். மே மாதம் 1, 2, 3, 4, 5, 6 என்று ஆறு நாள்களில் ஆறு வாடகைகள் வந்திருந்தன. அதற்கு முந்தைய ஆண்டைப் பார்த்தால், மே 4 முதல் 12 வரை நாளுக்கொன்றாக ஒன்பது வாடகைகள் இருந்தன. பதினைந்து மாத வாடகையும் மே மாதத்தில்தான் வந்ததாக என் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அந்தக் கணக்கை வைத்துத்தான் ஜூலை 21ஆம் தேதி வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்திருந்தேன் என்பது நினைவுக்கு வந்தபோது ஏற்பட்டது.

நான் பள்ளி ஆசிரியை. ஒரு சம்பளக் கணக்கு, தேசியமயமான வங்கி ஒன்றில் இன்னொரு சேமிப்புக் கணக்கு, ஒரு கிரெடிட் கார்டு, மாடி வாடகை, இவ்வளவுதான் என் பணப் போக்குவரத்து. பல ஆண்டுகளாக நோட்டில் எழுதி வந்த நான், யுபிஐ வந்த பிறகு ஒரு நாளைக்கு நான்கைந்து பதிவுகள் சேர்வதைச் சமாளிக்க முடியாமல், 2024 ஜூனில் க்னூகேஷ் என்னும் இலவச மென்பொருளை நிறுவினேன். ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து போனது, எங்கே வந்தது என்று இரண்டு கணக்குகளில் பதியும் இரட்டைப் பதிவு முறையில் அமைந்த நல்ல மென்பொருள் அது. இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். நடந்த குழப்பத்தில் பெரும் பகுதி, அதைச் சுற்றியிருந்த அமைப்புகளை நான் கவனிக்காமல் விட்டதால் வந்தது.

முதல் அறிகுறி முதல் வாரத்திலேயே தெரிந்தது. என் மடிக்கணினி என் உடன்பிறந்த தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அதன் வட்டார அமைப்பு, அதாவது எந்த நாட்டு வழக்கப்படி தேதியையும் பணத்தையும் காட்டுவது என்ற அமைப்பு, அமெரிக்க ஆங்கிலமாகவே இருந்தது. க்னூகேஷ் தனக்கென்று எதுவும் சொல்லப்படாவிட்டால் கணினியின் வட்டார அமைப்பைப் பார்த்தே நாணயத்தைத் தீர்மானிக்கும் என்பதால், நான் உருவாக்கிய கணக்குகள் அனைத்தும் டாலரில் உருவாயின. டாலர் குறி வெறும் அடையாளம்தானே, எண்கள் சரியாக இருந்தால் போதும் என்று நாற்பது பதிவுகள் வரை எழுதிவிட்டேன். பிறகு வைப்புநிதிக்கு ஒரு புதிய கணக்கைத் தொடங்கும்போது அதற்கு மட்டும் ரூபாயைத் தேர்ந்தெடுத்தேன். அன்றிலிருந்து அந்தக் கணக்குக்குப் பணம் மாற்றும் ஒவ்வொரு முறையும் நாணய மாற்று விகிதம் என்ன என்று கேட்டு ஒரு பெட்டி திறந்தது. பதிவுகள் ஏறிவிட்ட கணக்கின் நாணயத்தை மாற்ற முடியாது என்பதால், நாற்பதையும் விட்டுவிட்டுப் புதிய கோப்பைத் தொடங்கினேன். ஒரு மாலைப் பொழுது போயிற்று. அத்துடன் என் தவறும் அங்கேதான் தொடங்கியது. மென்பொருளின் விருப்பத்தேர்வில் நாணயத்தை இந்திய ரூபாய் என்று மாற்றினேனே தவிர, விண்டோஸின் வட்டார அமைப்பைத் தொடவில்லை. இந்தியா என்று அதை மாற்ற இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். நீங்கள் எந்தக் கணக்கு மென்பொருளை நிறுவினாலும் கணினியின் வட்டார அமைப்பை முதலில் பாருங்கள். நாணயம், தேதி, பதின்மப் புள்ளி ஆகிய மூன்றும் அங்கிருந்துதான் வருகின்றன.

ஜூலை 6ஆம் தேதி சனிக்கிழமை, 2023 ஏப்ரல் முதல் 2024 ஜூன் வரையிலான வங்கி அறிக்கைகளைப் பதிவிறக்கி, அவற்றை க்னூகேஷுக்குள் இறக்குமதி செய்ய உட்கார்ந்தேன். தேசியமயமான வங்கியின் கோப்பு எக்ஸெல் வகை என்று பெயரளவில் சொன்னதே தவிர, உள்ளே தாவல் இடைவெளிகளால் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்துக் கோப்பாக இருந்தது. திறக்கும்போது, கோப்பின் வகையும் பெயரும் பொருந்தவில்லை என்று எக்ஸெல் எச்சரித்தது. சரி என்று அழுத்திவிட்டேன். மேலே என் பெயர், முகவரி, கிளையின் விவரம் என இருபது வரிகள், கீழே கையொப்பம் தேவையில்லை என்ற வரி. இவற்றை இறக்குமதியின்போது தவிர்க்கும்படி க்னூகேஷிடமே சொல்லலாம் என்பதால் அதில் சிக்கல் இல்லை. தொகைகளில் இருந்த காற்புள்ளிதான் முதலில் படுத்தியது. கோப்பைக் காற்புள்ளியால் பிரிக்கும் வகைக்கு மாற்றிப் பார்த்தபோது, 1,25,000.00 என்பது மேற்கோள் குறியின்றி எழுதப்பட்டிருந்த இடங்களில் எல்லாம் மூன்று தனித்தனி நெடுவரிசைகளாக உடைந்து, தொகை 1 ரூபாயாகியிருந்தது. நெடுவரிசை முழுவதையும் காற்புள்ளி இல்லாத எண் வடிவத்துக்கு மாற்றிச் சேமித்ததும் அது தீர்ந்தது.

அடுத்தது பற்று, வரவு. வங்கி அறிக்கையில் பற்று என்ற தலைப்பின் கீழ் இருப்பது நம் கணக்கிலிருந்து வெளியே போன பணம். வங்கிக்கு நம் சேமிப்பு ஒரு கடன். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்து அப்படி எழுதுகிறார்கள். க்னூகேஷில் இருக்கும் நம் பேரேட்டில் அதே வங்கிக் கணக்கு நம் சொத்து. அங்கே பற்று என்றால் உள்ளே வந்த பணம். நான் பெயரைப் பார்த்துப் பெயரோடு பொருத்தினேன். சம்பளம் வரும்போதெல்லாம் இருப்பு குறைந்து, மளிகை வாங்கும்போதெல்லாம் கூடியது. இந்தத் தவறு கண்ணை உறுத்தியதால் பத்து நிமிடத்தில் பிடிபட்டது. சேமிக்காமல் மூடிவிட்டு, நெடுவரிசைகளை மாற்றிப் பொருத்தி, மீண்டும் இறக்கினேன். கிரெடிட் கார்டிலும் இதே கதைதான். அங்கே கட்டிய தொகைகளின் பின்னால் வரவைக் குறிக்கும் ‘சிஆர்’ என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் ஒட்டியிருக்கும். அவற்றை நீக்கி எதிர்க்குறி போடும் ஒரு சூத்திரத்தை எழுதிக்கொண்டேன்.

தேதிக்கு வருகிறேன். வங்கியின் கோப்பில் நாள், மாதம், ஆண்டு என்ற நம் வழக்கப்படி 05/04/2023 என்று இருந்தது. அமெரிக்க அமைப்பில் இருந்த எக்ஸெல் அதை மே 4 என்று படித்தது. 13/04/2023 என்பதைப் பார்த்தபோது பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலத்தான் தெரியும். ஒரே ஓர் அடையாளம் உண்டு: தேதியாக ஏற்கப்பட்டவை கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக விடப்பட்டவை இடப்பக்கம் ஒட்டி நிற்கும். அந்தக் கோணல்மாணலை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, அசிங்கமாக இருக்கிறதே என்று நெடுவரிசை முழுவதையும் நடுவில் சீராக்கினேன்! அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. க்னூகேஷுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நாள்-மாதம்-ஆண்டு என்ற வடிவத்தையும் கொடுத்தேன். அந்தக் கணத்தில் 05/04/2023 என்பது 04-05-2023 ஆகிவிட்டது. எழுத்தாக இருந்த 13/04/2023 அப்படியே நின்றது. க்னூகேஷ் சாய்கோட்டையும் இடைக்கோட்டையும் ஒன்று போலவே ஏற்றுக்கொள்ளும் என்பதால் ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை.

பிறகு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள்கள் இந்தக் குழப்பத்துக்கு உட்பட்டவை. ஆண்டுக்கு 144 நாள்கள். அவற்றில் ஜனவரி 1, பிப்ரவரி 2 போல நாளும் மாதமும் ஒன்றாயிருக்கும் 12 நாள்களுக்குத் தீங்கில்லை. மீதி 132 நாள்களின் பதிவுகள் இடம் மாறிவிடும். ஆண்டின் 365 நாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஐந்தாம் தேதிகள் அத்தனையும் ஐந்தாம் மாதத்துக்குப் போய்விடும் என்பதால்தான் வாடகைகள் எல்லாம் மே மாதத்தில் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. 2024 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் வாடகைகள் மே 1, 2, 3 ஆகிவிட்டதால் 2023-24 நிதியாண்டை விட்டே வெளியேறிவிட்டன.

இத்தனையும் நடந்தும் எனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்றால், இருப்பு பைசா சுத்தமாகச் சரியாக இருந்தது. தேதி மாறினாலும் தொகை மாறாது. பதினைந்து மாதக் கூட்டலின் விடை ஒன்றுதான். வங்கி அறிக்கையின் கடைசி வரியும் என் பேரேட்டின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போனதும் இறக்குமதி முடிந்தது என்று மகிழ்ந்து காபி போட்டுக் குடித்தேன். பதிவேட்டின் அடியில் 2024 டிசம்பர் என்று தேதியிட்ட சில பதிவுகள் இருந்ததைப் பார்த்த நினைவும் இருக்கிறது. ஜூலையில் உட்கார்ந்துகொண்டு டிசம்பரில் நடக்கப்போகும் செலவை ஏன் பார்க்கிறேன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தவணை ஏதாவது இருக்கும் என்று நினைத்துவிட்டேன். ஆகவே கடைசி இருப்பை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் வங்கி அறிக்கையில் உள்ள இருப்பும் உங்கள் பேரேட்டில் அதே நாளில் உள்ள இருப்பும் ஒன்றா என்று பாருங்கள். இதைச் செய்திருந்தால் முதல் மாதமான ஏப்ரலின் 30ஆம் தேதி இருப்பிலேயே என் தவறு மாட்டியிருக்கும்.

இரண்டாவது வாய்ப்பும் வந்தது. சம்பளக் கணக்கு இருந்த தனியார் வங்கி, தன் அறிக்கையில் மாதத்தை எழுத்தால் எழுதியிருந்ததால் அதன் தேதிகள் எல்லாம் சரியாகவே இறங்கின. என் இரண்டு கணக்குகளுக்கும் இடையே நடந்த பணமாற்றங்கள் இரண்டு அறிக்கைகளிலும் இருக்கும். தொகையும் தேதியும் பொருந்தினால் க்னூகேஷ் அவற்றை ஒன்றெனக் கண்டுபிடித்து இணைத்துவிடும். என் விஷயத்தில் பதினொரு மாற்றங்கள் இணையாமல் இரண்டிரண்டு முறை பதிவாயின. தொகை ஒன்று, தேதி வேறு. மென்பொருள் தேதி பொருந்தவில்லை என்று தன் வழியில் சொல்லியிருக்கிறது. நான் என்ன செய்தேன் என்றால், இரண்டாவதாக வந்தவைதானே மிகை என்று, சரியான தேதியுடன் வந்த பதினொன்றையும் அழித்துவிட்டு, தவறான தேதியுள்ளவற்றை வைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட எரிச்சலாக வருகிறது.

வங்கி அறிக்கையில் ஒவ்வொரு யுபிஐ பதிவுக்கும் எதிரே வரும் விவரணைகளும் நிறைய நேரத்தைத் தின்றன. ஒரு பதிவை மளிகை என்றோ மருந்து என்றோ நாம் வகைப்படுத்தினால், அதன் விவரணையில் உள்ள சொற்களை மென்பொருள் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை தானே வகைப்படுத்தும் என்று படித்திருந்தேன். நூறு பதிவுகளுக்கு மேல் கையால் வகைப்படுத்தியும் அது எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. காரணம் பிறகு புரிந்தது. அது விவரணையை வெற்றிடம் இருக்கும் இடத்தில்தான் சொற்களாகப் பிரிக்கிறது. வங்கியோ யுபிஐ, பற்று, பன்னிரண்டு இலக்க எண், கடையின் பெயர் எல்லாவற்றையும் சாய்கோடுகளால் கோத்து ஒரே நீளச் சொல்லாகத் தருகிறது. எண் ஒவ்வொரு முறையும் மாறுவதால் ஒவ்வொரு விவரணையும் அதற்குப் புதிய சொல். கிழமையையும் ஒரு சொல்லாக அது சேர்த்துக்கொள்வதால், சில பதிவுகள் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒரே காரணத்துக்காக மீன், கறி வகைக்குப் போய்ச் சேர்ந்தன என்றுதான் நினைக்கிறேன். சாய்கோடுகளை வெற்றிடமாக மாற்றி, எல்லாப் பதிவுக்கும் பொதுவான யுபிஐ போன்ற சொற்களையும் எண்ணையும் விவரணையிலிருந்து எடுத்துவிட்டு இறக்கிய பிறகு, இரண்டாம் மாதத்திலிருந்தே பெரும்பாலானவற்றை அது சரியாக ஊகித்தது. எண்ணைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், தனி நெடுவரிசையில் எழுத்து வடிவில் வையுங்கள். எண் வடிவில் விட்டால் பன்னிரண்டு இலக்கங்களை எக்ஸெல் 4.00512E+11 என்று சுருக்கிக் காட்டும், அந்தச் சுருக்கத்தையே கோப்பிலும் சேமித்துவிடும். குறிப்புகளைத் தமிழில் எழுதுபவர்கள், தமிழ் எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 வகைக் கோப்பாகச் சேமிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சாதாரண வகையில் நான் சேமித்தபோது என் தமிழ்க் குறிப்புகள் அத்தனையும் கேள்விக்குறிகளாகிவிட்டன, அவற்றை மீட்க வழியில்லை.

அந்தப் பன்னிரண்டு இலக்க எண்தான் கடைசியில் எனக்குச் சாட்சியானது. குடியிருந்த தம்பி காட்டிய ஜனவரி 5ஆம் தேதி ரசீதில் எண் 4005 என்று தொடங்கியது. பிப்ரவரிக்கு 4036, மார்ச்சுக்கு 4065. முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் அது எத்தனையாவது நாள் என்பது. பிப்ரவரி 5 ஆண்டின் 36ஆம் நாள். 2024 லீப் ஆண்டு என்பதால் மார்ச் 5 அதன் 65ஆம் நாள். என் அறிக்கையில் சில டஜன் பதிவுகளைச் சரிபார்த்தேன், எல்லாம் பொருந்தின. என் பேரேட்டில் மே 1 என்று நின்ற வாடகையின் எண் 4005 என்று தொடங்கியது. மே 1 என்றால் அது 4122 ஆக இருந்திருக்க வேண்டும்.

இறக்குமதிக்கு முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம் என்று காப்புக் கோப்புகளைத் தேடினேன். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் க்னூகேஷ் பழைய கோப்பைத் தேதியும் நேரமும் சேர்ந்த பெயரில் எடுத்து வைக்கிறது. ஆனால் நாம் மாற்றாவிட்டால் அவற்றை 30 நாள்களுக்குத்தான் வைத்திருக்கும். நான் தேடியது செப்டம்பரில், எனக்கு வேண்டியது ஜூலை முதல் வாரத்துக் கோப்பு. அது போய்விட்டிருந்தது. நானூறுக்கு மேற்பட்ட பதிவுகளின் தேதியைக் கையால் திருத்துவதா, எல்லாவற்றையும் புதிதாக இறக்குவதா என்று ஓர் இரவு முழுவதும் யோசித்துவிட்டு, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். கணக்குத் தலைப்புகளின் பட்டியலை மட்டும் ஏற்றுமதி செய்து புதிய கோப்பில் சேர்த்துக்கொண்டேன். விண்டோஸின் வட்டார அமைப்பை இந்தியா என்று மாற்றினேன். வங்கிக் கோப்பை நேரடியாக இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்ஸெல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரேஆஃபிஸ் கால்க்கில் திறந்தேன். திறக்கும்போதே ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன வகை என்று அது கேட்கும், அங்கே தேதிக்கு நாள்-மாதம்-ஆண்டு என்றும் குறிப்பு எண்ணுக்கு எழுத்து என்றும் சொல்லிவிடலாம். பிறகு தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வடிவத்துக்கு மாற்றினேன். இந்த வடிவத்தை எந்த நாட்டு அமைப்பும் தவறாகப் படிப்பதை நான் இதுவரை பார்க்கவில்லை. இறக்கும் முன் ஒரு கூடுதல் நெடுவரிசையில், முந்தைய வரியின் இருப்பிலிருந்து எடுத்ததைக் கழித்து, போட்டதைக் கூட்டினால் இந்த வரியின் இருப்பு வருகிறதா என்ற சூத்திரத்தை ஓடவிட்டேன். காற்புள்ளியில் உடைந்த தொகை, விடுபட்ட வரி, தலைகீழ் வரிசை எல்லாம் அதில் உடனே தெரிந்துவிடும். முதலில் ஒரே ஒரு மாதத்தை மட்டும் இறக்கி, மாத முடிவு இருப்பைப் பார்த்த பிறகே அடுத்த மாதத்துக்குப் போனேன்.

இடையில் இன்னொரு சிறிய பொறியும் தென்பட்டது. கையால் பதிந்திருந்த 12 ரூபாய்த் தேநீரும் அதே நாளில் வங்கியிலிருந்து வந்த 10 ரூபாய் வடையும் ஒன்றாக இருக்கலாம் என்று கருதப்பட்டு வடை விடுபட்டது. ஏடிஎம் கட்டணத்துக்காக 2 என்ற அளவு வரை தொகை வேறுபட்டாலும் பொருத்தம் என்று கொள்ளும் ஒரு வரம்பு இறக்குமதி அமைப்புகளில் இருக்கிறது. டாலரில் அதற்குப் பொருள் இருக்கலாம்; நம் ஊர்ச் சில்லறைச் செலவுகளுக்கு அது ஆகாது. பூஜ்யமாக்கிவிட்டேன்.

வரிப் படிவம் தனிக் கதை. 42,000 ரூபாய் வாடகை குறைத்துக் காட்டப்பட்டிருந்தது. 30 சதவீதக் கழிவு போக 29,400 ரூபாய். பழைய வரி முறையில் என் வருமானத்துக்கு 20 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத மேல்வரியும் சேர்ந்து 6,115 ரூபாய். அந்தப் பணம் எப்படியும் கட்ட வேண்டியதுதான். தவறாகத் தாக்கல் செய்துவிட்டேன் என்ற பயத்தில் நான்கு நாள்கள் சரியாகத் தூங்கவில்லை. ஆடிட்டர் ஒருவரிடம் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை வருமான வரிச் சட்டத்தின் 139(5) பிரிவின்படி திருத்திய படிவம் தாக்கல் செய்யலாம் என்றும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்றும் சொன்னார். அவருக்கு 3,500 ரூபாய் கொடுத்தேன். நேரத்தைக் கூட்டினால், ஜூலையில் இரண்டு வார இறுதிகளும் செப்டம்பரில் மூன்றும் என ஏறக்குறைய எழுபது மணி நேரம்.

குடியிருந்த தம்பி செப்டம்பர் 15ஆம் தேதி காலி செய்தார். அட்வான்ஸில் வெள்ளையடிக்கும் செலவைக் கழிப்பதாக முன்பே பேசியிருந்தும் நான் கழிக்கவில்லை. கிளம்பும்போது, “டீச்சர், இந்த மாச வாடகை அஞ்சாம் தேதியே போட்டுட்டேன், ஏறியிருக்கான்னு பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.